பேறுகாலக் கவனிப்புக்குக் குறுக்கே நிற்கும் சமூகத் தடைகளைக் கண்டறிவது எப்படி?

பரிசோதனைக்கு வராத கர்ப்பிணிகளைப் பற்றிய அறிக்கைகளில் 'காரணம்' என்ற கட்டத்தில் அடிக்கடி இடம்பெறுபவை இரண்டே சொற்கள்: விழிப்புணர்வு இன்மை. எழுதுவதற்கு எளிதான காரணம் இது. யாரையும் பொறுப்பாக்காது, ஒரு கூட்டம் நடத்தி, துண்டறிக்கை கொடுத்துவிட்டால் கோப்பையும் மூடிவிடலாம். ஆனால் எப்போது போக வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருந்தும் போக முடியாத பெண்கள் ஏராளமானோர் இருக்கிறார்கள். அவர்களைத் தடுத்தது எது என்பதைப் படிப்படியாகத் தேடி, கிடைத்த விடையை வைத்து எதை மாற்றலாம் என்று முடிவெடுப்பதற்கான முறையை இங்கே விளக்க முயல்கிறேன். களப்பணியாளர்கள், மகளிர் குழுக்கள், தன்னார்வலர்கள், சிறிய மருத்துவமனைகளின் பொறுப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது இது.

உலக சுகாதார நிறுவனமும் பிற ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து செய்த மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குறைந்த வருவாய் நாடுகளையும் கீழ்நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள். இறப்புக்கு முதன்மையான காரணங்களாக இருக்கும் ரத்தப்போக்கு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், தொற்று ஆகிய மூன்றுக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. கருப்பையைச் சுருங்கச் செய்து ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிடோசினும், உயர் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட்டும் புதிய மருந்துகள் அல்ல, அரிய மருந்துகளும் அல்ல. ஆகவே மருந்துக்கும் அது தேவைப்படும் பெண்ணுக்கும் இடையில் கிடக்கும் தூரத்தைத்தான் நாம் அளக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தில் கிலோமீட்டர் ஒரு பகுதி மட்டுமே.

இதை அளப்பதற்குப் பயன்படும் சட்டகத்தை செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்டனர். சிகிச்சை தேவை என்று உணர்ந்து புறப்பட முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படும் தாமதம், சென்றடைந்த பிறகு தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் என்று மூன்றாக அவர்கள் பிரித்தனர். மூன்று தாமதங்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவமனையில் ஒரு முறை அவமானப்பட்டுத் திரும்பிய பெண், அடுத்த முறை புறப்படவே தயங்குவாள். அவளுடைய அண்டை வீட்டுப் பெண்ணும் தயங்குவாள். அதாவது மூன்றாவது தாமதம் அடுத்தவருடைய முதல் தாமதமாக மாறிவிடுகிறது. விழிப்புணர்வுக் கூட்டம் இந்தத் தயக்கத்தைத் தொடுவதே இல்லை.

யாரிடம் கேட்பது

மருத்துவமனையில் வரிசையில் காத்திருப்பவர்களிடம் கேட்டுத் தடைகளைத் தெரிந்துகொள்ள முயல்வது மிகப் பரவலான தவறு. அங்கே இருப்பவர்கள் தடைகளைத் தாண்டி வந்தவர்கள். தாண்ட முடியாதவர்களைப் பற்றி அவர்களால் ஓரளவுக்குத்தான் சொல்ல முடியும். பதிவேட்டை எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே முதன்முறையாகப் பதிவு செய்தவர்கள், பாதியில் நின்றுபோனவர்கள், வீட்டிலேயே பிரசவித்தவர்கள் ஆகியோரின் பட்டியலை முதலில் தயாரியுங்கள். கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறை சுகாதாரப் பணியாளரைச் சந்திக்க வேண்டும் என்றும், முதல் சந்திப்பு பன்னிரண்டு வாரத்துக்குள் நடக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. அந்த அளவுகோலோடு ஒப்பிட்டால் யார் எங்கே விடுபட்டார்கள் என்பது தெரியும்.

பிறகு பதிவேட்டிலேயே இல்லாதவர்களைத் தேட வேண்டும். வேலைக்காக இடம்பெயர்ந்து வந்தவர்கள், அந்த ஊரின் மொழி தெரியாதவர்கள், முகவரிச் சான்று இல்லாதவர்கள், மணமாகாமல் கருவுற்றவர்கள், பதின்வயதுப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ஊரின் மற்றவர்களால் ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தினர் ஆகியோர் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருப்பார்கள். பிரசவத்துக்காக வேறு ஊருக்குச் சென்றவர்களையும் மறக்கக் கூடாது. இரண்டு ஊர்ப் பதிவேடுகளுக்கு நடுவில் அவர்களுக்கு எந்த ஊரும் பொறுப்பேற்காமல் போய்விடுகிறது. இவர்களைச் சென்றடைய, அவர்கள் நம்பும் ஒருவர் உடன் வருவது அவசியம். அந்த ஒருவர் அதிகாரம் படைத்தவராக இல்லாமலிருப்பது நல்லது.

எப்படிக் கேட்பது

'ஏன் வரவில்லை?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே குற்றச்சாட்டு இருப்பதால், கேட்கப்படுபவர் தற்காப்புக்கான பதிலைத்தான் சொல்வார். பெரும்பாலும் 'தெரியவில்லை' என்பார், நீங்களும் அதை விழிப்புணர்வின்மை என்று எழுதிக்கொள்வீர்கள். அதற்குப் பதிலாக, நடந்ததை நேர வரிசையில் சொல்லச் சொல்லுங்கள். 'முதலில் உடம்பில் என்ன மாற்றம் தெரிந்தது? அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்? அதற்குப் பிறகு என்ன நடந்தது?' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். எட்டு மாதக் கர்ப்பிணியான அவர் வலிப்பு வந்த நிலையில் இரவு பத்து மணிக்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 'தாமதமாக அழைத்து வரப்பட்டார்' என்று மருத்துவமனைக் குறிப்பு சொல்கிறது. நேர வரிசையில் கேட்டால் வேறொரு கதை விரிகிறது. காலை ஏழு மணிக்கே கடுமையான தலைவலி, மாமியாரிடம் சொல்கிறார், வேலை அதிகம், கொஞ்சம் படுத்துக்கொள் என்று அவரும் அக்கறையோடுதான் சொல்கிறார். பதினொரு மணிக்குக் கண் மங்குகிறது. கணவர் வேலையிடத்தில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசியும் அவரிடம்தான் இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டார் மூலம் செய்தி போகிறது. அன்றைய கூலியை வாங்காமல் கிளம்பினால் வாகனத்துக்குப் பணமில்லை என்பதால் அவர் ஐந்து மணி வரை காத்திருக்கிறார். ஆறு மணிக்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனையை அடைகிறார்கள். பரிசோதனை அட்டை கொண்டுவரவில்லை என்று ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். எட்டு மணிக்குத்தான் ரத்த அழுத்தம் பார்க்கப்படுகிறது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், ஆனால் முன்கூட்டி அங்கே யாரும் தகவல் சொல்லவில்லை. வழியில் வலிப்பு வருகிறது.

இந்தப் பதினைந்து மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் அறியாமை எங்கே இருக்கிறது? காலை ஏழு மணிக்கே அவர் சொல்லிவிட்டார். தலைவலியும் கண் மங்கலும் ஆபத்தின் அறிகுறிகள் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தால் நான்கு மணி நேரம் மிச்சப்பட்டிருக்கும். அந்த அளவுக்கு அறிவுறுத்தலுக்குப் பயன் உண்டு, நான் மறுக்கவில்லை. மீதி நேரத்தைத் தின்றவை கைப்பேசி, கூலி, அட்டை, முன்தகவல் இல்லாத அனுப்புதல் ஆகியவை. நீங்கள் எழுதும் குறிப்பும் இதே போல், ஒவ்வொரு இடைவெளிக்கும் எதிரே அதை உண்டாக்கியது எது என்று எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். இப்படி ஆறேழு பெண்களின் நாள்களை எழுதிவிட்டால், ஒரே தடை மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைப் பார்ப்பீர்கள்.

பேட்டியின்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கேள்வி அந்தப் பெண்ணிடம் கேட்கப்பட, பதிலை வேறொருவர் சொல்கிறார் என்றால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் தகவல். அவரைத் தடுக்காமல் முழுவதும் சொல்ல விடுங்கள். பிறகு வேறொரு நாள், பெண்ணுடன் தனியாகப் பேசுங்கள். மாமியாரிடமும் கணவரிடமும்கூடத் தனித்தனியாகப் பேச வேண்டும். தடையாகத் தெரியும் மூத்த பெண்ணுக்கும் அவருடைய பேறுகால நினைவுகள் உண்டு. மருத்துவமனையை அவர் நம்பாததற்குச் சில நேரங்களில் மிக நியாயமான காரணமும் இருக்கும்.

முடிவும் பணமும்

வீட்டில் முடிவெடுப்பவர் யார் என்பதை 'அவசரம் ஏற்பட்டால் யாரைக் கேட்காமல் உங்களால் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும்?' என்ற ஒரே கேள்வியால் ஓரளவு அறிந்துவிடலாம். 'யாரையும் கேட்காமல் முடியாது' என்று பதில் வந்தால், அறிவுரையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பணத்தைப் பற்றிக் கேட்கும்போது, சிகிச்சை இலவசம் என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இலவசச் சிகிச்சைக்குப் போவதற்கே செலவு இருக்கிறது: அன்றைய கூலி, உடன் வருபவரின் கூலி, வாகனம், வெளியில் வாங்கச் சொல்லப்படும் மருந்து, ஸ்கேனுக்கு வேறிடம் போக வேண்டிய அலைச்சல், சில இடங்களில் கையில் திணிக்க வேண்டியிருக்கும் தொகை. வீட்டிலிருக்கும் மூத்த குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பது பணக் கணக்கில் வராத செலவு. ஆயினும் ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட அது ஒன்றே போதும். எந்தச் செலவு எப்போது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு வங்கிக் கணக்கில் வந்து சேரும் உதவித்தொகை நல்லதுதான். ஆனால் பிரசவத்தன்று நள்ளிரவில் வாகன ஓட்டுநருக்குக் கொடுக்க அது கையில் இருக்காது. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததே.

வழி

தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் நேரத்தில் எழுதுங்கள். பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு, மழைக்காலத்தில் எவ்வளவு என்று மூன்று எண்கள் போதும். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடுமையான ரத்தப்போக்கு, சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிரைப் பறிக்கக்கூடும். அந்த இரண்டு மணி நேரத்தை உங்கள் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பிரசவ நாள் நெருங்கும்போதே மருத்துவமனைக்கு அருகில் வந்து தங்குவதற்கான ஏற்பாடு எந்தெந்தக் குடியிருப்புகளுக்குத் தேவை என்பது விளங்கும்.

வாசலைக் கடந்த பிறகு

இந்தப் பகுதிதான் அறிக்கைகளில் மிகக் குறைவாக எழுதப்படுகிறது, காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. அறிக்கை எழுதுபவரும் பெரும்பாலும் அதே துறையைச் சேர்ந்தவர்.

கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வொன்றில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் பிரசவத்தின்போது திட்டப்பட்டதோ, அடிக்கப்பட்டதோ, இழிவுபடுத்தப்பட்டதோ பதிவாகியிருக்கிறது. வயது குறைந்த பெண்களுக்கும் படிப்புக் குறைந்த பெண்களுக்கும் அது கூடுதலாக நேர்ந்தது. அதாவது எந்தப் பெண்கள் மருத்துவமனைக்கு வருவதே அரிதோ, அவர்களே வந்த இடத்திலும் மோசமாக நடத்தப்பட்டனர்.

பேச்சைக் காதில் வாங்காமலிருப்பதும் ஒரு வகைத் தாமதமே. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-இல் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தை பெற்ற மறுநாள், தமக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி ஏற்பட்டிருக்கலாம் என்று தாமே சொல்லி, ஸ்கேன் எடுக்கும்படி கேட்டார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று முதலில் கருதப்பட்டது. கடைசியில் எடுத்த ஸ்கேனில் அவர் சொன்னதே உறுதியானது. புகழும் பணமும் உள்ள ஒருவரே வற்புறுத்த வேண்டியிருந்தது என்றால், தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு பெண்ணின் நிலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே மருத்துவமனைக்குள் நீங்கள் பார்க்க வேண்டியவை இவை. வந்து சேர்ந்ததிலிருந்து முதன்முறை ரத்த அழுத்தம் பார்க்கப்படும் வரை எவ்வளவு நேரமாகிறது? அட்டையோ சான்றோ இல்லாமல் வந்தவர் முதலில் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறாரா, பதிவுக்கு அனுப்பப்படுகிறாரா? பரிசோதனை மறைவிடத்தில் நடக்கிறதா? பிரசவ அறையில், பெண் விரும்பும் ஒருவர் உடனிருக்கலாம் என்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது; அதற்கு இங்கே அனுமதி உண்டா? அவருடைய மொழியைப் பேசத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா? இரவுப் பணியில் எத்தனை செவிலியர்? கடைசிக் கேள்வி முக்கியமானது. ஒருவரே பல பிரசவங்களைப் பார்க்க வேண்டியிருக்கும் இரவில் கடுஞ்சொல் எளிதில் வந்துவிடும். அந்தச் செவிலியரை மட்டும் கண்டித்துவிட்டுப் பணியிடத்தைக் காலியாகவே வைத்திருப்பது பயன் தராது.

சராசரியை நம்பாதீர்கள்

ஒரு பகுதியில் பத்தில் ஒன்பது கர்ப்பிணிகள் மருத்துவமனையில் பிரசவிக்கிறார்கள் என்ற எண் மகிழ்ச்சி தரலாம். மீதி ஒருவர் எப்போதும் ஒரே குடியிருப்பிலிருந்து வருகிறாரா என்று பாருங்கள். ஒவ்வோர் எண்ணையும் வயது, குடியிருப்பு, சமூகப் பிரிவு, மொழி, வருவாய், எத்தனையாவது பிரசவம் என்று பிரித்து எழுதினால்தான் அது தெரியும். அமெரிக்காவில் 2023-இல் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு வெள்ளையினப் பெண்களில் 14.5 பேரும் கறுப்பினப் பெண்களில் 50.3 பேரும் இறந்தனர். நாட்டின் சராசரியான 18.6 இந்த இடைவெளியை முற்றிலும் மறைத்துவிடுகிறது. அங்கே பட்டப்படிப்பு முடித்த கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காத வெள்ளையினப் பெண்களுடையதைவிட அதிகமாக இருந்ததை முந்தைய ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படிப்பும் விழிப்புணர்வும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று எண்ணுவோர் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

கண்டறிந்ததைச் செயலாக்குவது

உங்கள் குறிப்புகளில் எந்தத் தடை அதிகம் வந்ததோ, அதற்குரிய மாற்றத்தை மட்டும் முதலில் கையிலெடுங்கள். கைப்பேசியும் வாகனமும் தடையென்றால், ஏழாம் மாதத்துக்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரசவத் திட்டம் எழுதப்பட வேண்டும்: எந்த மருத்துவமனை, யார் வாகனம், ஓட்டுநர் வராவிட்டால் அடுத்து யார், பணம் எங்கே இருக்கிறது, ரத்தம் கொடுக்கக்கூடியவர் யார், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார், முடிவெடுப்பவர் ஊரில் இல்லாவிட்டால் யார் சொல் செல்லும். கடைசி வரியை வீட்டுப் பெரியவரின் முன்னிலையிலேயே எழுதி, அவருடைய சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். கூலியிழப்பு தடையென்றால், பரிசோதனை நேரத்தை மாலைக்கோ விடுமுறை நாளுக்கோ மாற்ற முடியுமா என்று மருத்துவமனையிடம் கேளுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சந்திப்பு மூன்றும் ஒரே நாளில் முடிந்தால் ஒரு நாள் கூலி மிஞ்சும். அட்டை தடையென்றால், அதற்குத் தேவை ஓர் உத்தரவு மட்டுமே.

தடை எதுவென்று தெளிவாகத் தெரியாத இடங்களில், பெண்களின் குழுக்களே அதைக் கண்டுபிடிக்க மிகப் பொருத்தமானவை. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், உள்ளூர்ப் பெண் ஒருவரின் வழிநடத்தலில் மாதந்தோறும் கூடிய குழுக்கள், பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே பட்டியலிட்டு, முன்னுரிமை கொடுத்து, தீர்வுகளைத் திட்டமிட்டுச் செயல்படுத்தி, பின்னர் மதிப்பிட்டும் பார்த்தன. பச்சிளங்குழந்தைகளின் இறப்பு அங்கே ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது என்று 2004-இல் வெளியான முடிவுகள் காட்டின. இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2014-இல் கிராமப்புறங்களுக்குப் பரிந்துரைத்தது. கர்ப்பிணிகளில் மூன்றில் ஒருவராவது கலந்துகொண்ட இடங்களில்தான் பலன் வலுவாகத் தெரிந்தது. வழக்கமாக வரும் பத்துப் பேரை மட்டும் வைத்துக் கூட்டம் நடத்திக் கணக்குக் காட்டுவது இதில் சேராது.

ஒரு தாய் இறந்துவிட்டால், அந்த இறப்பையும் இதே நேர வரிசை முறையில் ஆராய வேண்டும். கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாள்களுக்குள்ளோ, கர்ப்பம் தொடர்பான காரணத்தால் நிகழும் இறப்பு தாய்மை இறப்பாகக் கணக்கிடப்படுகிறது. ஆய்வுக் கூட்டத்தில் பெயர்கள் வேண்டாம், தண்டனையும் வேண்டாம். தண்டனை வரும் என்று அஞ்சினால் எழுதப்படும் குறிப்புகள் அனைத்தும் மீண்டும் அந்த இரண்டு சொற்களுக்கே திரும்பிவிடும்.

சில எச்சரிக்கைகள்

நீங்கள் சேகரிப்பவை பிறருடைய வீட்டு ரகசியங்கள். குறிப்பேட்டில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் வேறிடத்தில் பூட்டப்பட்டிருக்கட்டும். வீட்டில் வன்முறை நடப்பதாக ஒரு பெண் சொன்னால், அதைக் கணவரிடமோ மற்ற உறவினரிடமோ விசாரித்து உறுதிப்படுத்த முயலக் கூடாது. அவரை மேலும் ஆபத்தில் தள்ளும் செயல் அது. அவருக்கு என்ன உதவி வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும்; கிடைக்கக்கூடிய உதவிகளைச் சொல்வது மட்டுமே உங்கள் வேலை.

பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கே ரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சல், மூச்சுத்திணறல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாகத் தெரிந்தால், பேட்டியை அங்கேயே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழையுங்கள். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும் ரத்தப்போக்கு, தலைவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இதே அவசரத்துக்குரியவை. கிளம்பியதும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் எத்தனை மாதக் கர்ப்பம், என்ன அறிகுறி, எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்ற நான்கையும் சொல்லுங்கள். ரத்தப்போக்கு என்றால், தெரிந்தால் ரத்த வகையையும் சொல்லிவிடுங்கள். அட்டை கிடைக்கவில்லையென்றால் அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.